வில்லுக்கு ஒரு கொக்கி

எது முதலில், எது இரண்டாவது, எது வேண்டவே வேண்டாம் என்று காலை ஷிப்டுக்கு மணி அடித்ததும் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும், சொல்வதற்கு என்ன, இரண்டு நாளாகப் பார்த்தாயிற்று, மூன்றாவது நாளும் ஏறி உட்கார்ந்தாயிற்று, பெல்ட் கிண்ணம் முதலில், கவை இரண்டாவது, கௌசல்யாவின் கொக்கி கடைசி, அவ்வளவுதானே என்று கோகிலவாணி புளியமரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடித்ததும் மனசு ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. கிணத்துக்கடவுக்கு மேற்கே தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அந்தக் கம்பெனி கம்பியை வளைத்து, ரப்பர் பூசி, பெயின்ட் அடித்துக் கப்பலில் ஏற்றுகிறது. வாங்குகிறவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேட்டைக்காரர்கள். துப்பாக்கி இல்லை, வில். விடிவதற்கு முன்னால் காட்டில் ஒரு மரத்தில் ஏறி, மரத்தோடு சேர்த்துக் கட்டிய சின்ன இரும்புப் பலகையில் உட்கார்ந்து, மான் வருகிறவரைக்கும் அசையாமல் காத்திருப்பார்களாம். அத்தனை நேரமும் வில்லைக் கையிலேயே வைத்திருந்தால் தோள் போய்விடும்; கீழே வைத்தால் மான் வரும்போது குனிந்து எடுக்கவேண்டும், குனிந்தால் மான் பார்த்துவிடும்; ஆகவே வில்லைத் தாங்கிக்கொள்ள ஒரு சாமான். அந்தச் சாமான்களில் எது உருப்படி என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். மான் இருக்கட்டும், ஒரு கோழியைக்கூட அவள் அறுத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதெல்லாம் ஈஸ்வரமூர்த்தியின் இலாகா. விசேஷ வீடுகளில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் குவாலிட்டி என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வாள். மரம் ஏறுகிற வேலை என்று சொன்னால் தென்னையா என்று கேட்பார்கள்.

கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. இந்தக் காலத்து வில்லுக்கு இரண்டு முனையிலும் சின்னச் சக்கரம் உண்டு; அதில் கீழ்முனைச் சக்கரம், இடுப்பு பெல்ட்டிலிருந்து தொடையில் தொங்கும் தோல் கிண்ணத்துக்குள் இறங்கியிருந்தது. இடது கை பிடியில். பனி இறங்கிய இரும்பு உள்ளங்கைக்குச் சில்லென்று இருந்தது, பிறகு கையின் சூடு ஏறி அதுவும் கையைப்போலவே ஆகிவிட்டது. இந்த நேரம் அவளுக்குப் பிடிக்கும். கல்லூரியில் வில் விட்ட காலத்திலும் இந்த விடியல்தான் பிடிக்கும், மைதானத்துப் புல் ஈரமாக, இலக்குப் பலகையின் மஞ்சள் மட்டும் தெரிய. அப்போது மாவட்டத்தில் அவள் பெயர் கொஞ்சம் அடிபட்டது, அதை வைத்துத்தான் இந்த வேலையே கிடைத்தது, வில் பிடிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று முதலாளி தேடிக்கொண்டிருந்தார், இவள் துணிக்கடைக் கணக்கில் உட்கார்ந்திருந்தாள். வில்லைப் பிடித்தால் பாரம் தெரியாது. பிடிக்காமல் இருந்தால்தான். பிடிக்காமல் இருந்தால்தான் என்ன? அந்த இடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றது. அவள் மெதுவாக எடுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் போனாள். கீழே மயில்சாமி தொண்டையைச் செருமினார். வெல்டிங்கில் இருந்தவர், முழங்கால் போனபிறகு இந்த வேலைக்கு மாற்றினார்கள்; மேலே ஒருவர் இருந்தால் கீழே ஒருவர் இருக்கவேண்டும் என்பது கம்பெனிச் சட்டம், அந்தக் கீழே ஒருவர் அவர்தான். அவளுடைய இடுப்புப் பட்டையையும் கயிற்றையும் அவர் இழுத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவள் ஏணியில் கால் வைக்கக்கூடாது.

"ஏனுங் அம்மிணி, தூங்கிட்டீங்ளா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"வேட்டைக்காரங்க பேசக்கூடாதுங்ண்ணா."

"அது அவிய ஊருக்குங். நம்மூரு மான் இன்னும் எந்திரிச்சே இருக்காதுங். அப்பறம், நேத்து நைட் ஷிப்டுல ஒருத்தன் எங்கிட்ட கேக்கறானுங், புளியமரத்துல முனி உக்காந்திருக்குதாமே, கையில வில்லு வேற வெச்சிருக்குதாமேன்னு. ஆமாடா, மாசமானாச் சம்பளமும் வாங்குதுன்னு சொல்லிப்போட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பலகை கிரீச்சிடும், அதனால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மான் என்று அவர் சொன்னது மயிலை. கம்பெனியின் பின்சுவர்ப் பக்கம் தினமும் காலையில் இரண்டு மூன்று தடவை ஒரு மயில் இறங்கும், தோகை உதிர்ந்துபோன பெரிய சேவல்; மயில்சாமி தண்ணீர்த் தொட்டியிலிருந்து மரத்தடிவரைக்கும் கம்பு இறைத்துவைப்பார், அது கொத்திக்கொண்டே வரும். மானுக்குப் பதில் அதுதான். மயிலின் கண்ணை ஏமாற்றினால் மானின் கண்ணை ஏமாற்றியது மாதிரி என்று யாரோ முடிவு செய்து, அப்படியே பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு சாமானிலும் வில்லை வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கவேண்டும். மயில் மரத்தடிக்கு வந்ததும் சத்தமில்லாமல் வில்லை எடுத்து, அம்பு இல்லாமல் நாணை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடவேண்டும். சட்டென்று விட்டால் வில் உடைந்து முகத்தில் அடிக்கும். மயில் ஓடாமல் தின்றுகொண்டிருந்தால் அந்தச் சாமான் தேறியது. எளிமையான பரீட்சை. தோல் கிண்ணம் அதில் முதல் நாளே தேறியது, வில் தொடையில் நிற்கிறது, சாயாமல் இருக்கக் கை பிடியில் இருந்துகொண்டே இருக்கவேண்டும், எடுப்பது என்ற வேலையே இல்லை, உயர்த்தினால் போதும். மயில் மரத்தடியில் நின்று ஒரு கம்பு மணி விடாமல் பொறுக்கிவிட்டுத்தான் போயிற்று. பலகையின் விளிம்பைக் கவ்வி நிற்கிற கவையும் தேறியது, அதிலும் வில் சாயாமல் இருக்க ஒரு கை பிடியில் இருந்தாகவேண்டும், எடுக்கும்போது கொஞ்சம் முனகினாலும். கௌசல்யாவின் கொக்கி தேறவில்லை. மரத்தில் திருகி, முழங்கை மாதிரி மடக்கி நீட்டுகிற கொக்கி. வில்லை மாட்டிவிட்டால் இரண்டு கையும் சும்மா. அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் மயில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டி நேராக அவளைப் பார்த்தது. அவள் வில்லைத் தொடக்கூட இல்லை. பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து, நடை ஓட்டமாகிச் சுவர் ஏறிப் போய்விட்டது. மறுநாளும் கொக்கிக்கு அப்படியே. ஆகவே கொக்கி கடைசி. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

எதுவும் இல்லை என்றால் ஏன் யோசிக்கிறாய். ஏனென்றால் மாட்டிய வில் அசையவில்லை. காற்றில்லை, கொக்கி முனகவில்லை, அவள் கையை உயர்த்தவில்லை. கொக்கியின் பளபளப்புதான் காரணமாக இருக்கும் என்று கௌசல்யா சொன்னாள், நேற்றுச் சாயங்காலம் ஆபீஸில் முகம் சிவந்து போயிருந்தாள், ஆபீஸ் ஜன்னலில் நின்று இரண்டு நாளும் மயில் ஓடுவதைப் பார்த்தவள். "வெயில் பட்டு மின்னுதாட்ட இருக்குதுங்க்கா. நான் மங்கல் பெயின்ட் அடிச்சுத் தரேன், நாளைக்கு ஒருக்கா பாருங்க்கா, கடைசியா ஒருக்கா." உடுமலைக்காரப் பெண், படிப்பு முடித்து வந்து அவள் தானாக வரைந்து, தானாக வளைத்துச் செய்த முதல் சாமான் அது, இந்த ஒரு வருஷமாக அந்த மடக்குக் கை சத்தம் போடாமல் இருப்பதற்காக என்னென்னவோ செய்து பார்த்தாள், எண்ணெய் வேண்டாம், எண்ணெய் வாசம் மானுக்குத் தெரியும் என்று மெழுகைத் தேய்த்தாள். இன்றைக்குக் கடைசி என்று சொல்லிவிட்டால் முதலாளி அதை மூலையில் போட்டுவிடுவார். அப்படித்தான் ஆகும், வாங்குகிறவர்கள் மூன்றில் ஒன்றுதான் கேட்கிறார்கள். பாவம்தான். பாவம் பார்த்துத் தேறியது என்று சொல்ல முடியுமா. மயிலைக் கேட்டால் மயில் சொல்லும். மயில் என்ன சொல்லிற்று, கொக்கியைப் பார்க்கவே இல்லையே அது, என்னைத்தானே பார்த்தது, என் முகத்தைக்கூட இல்லை, இன்னும் கீழே, மடியை. மடியில் என்ன இருக்கிறது. மடியில் கை இருக்கிறது. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் வில்லின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கையில் அச்சு விழுகிற அளவுக்கு.

தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதோ. இல்லை, தீபாவளி அன்றைக்குச் சர்க்கரை அதிகம் சாப்பிட்டோம். காபி. தூக்கம் போதவில்லை. வில்லைத் தூக்கித் தூக்கித் தோள் களைத்துவிட்டது, தோள் களைத்தால் விரல் ஆடாதா என்ன. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு முன்னாலேயே வாங்கிவிட்ட தாம்பூலப் பையைச் சாப்பாடு முடிகிறவரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், பந்தியில்கூட மடியில் வைத்து இடது கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள், ஈஸ்வரமூர்த்தி குனிந்து, "ஏம்புள்ள, அந்தத் தேங்காய எவனும் புடுங்கிட்டுப் போயிர மாட்டான், கீழ வெய்யி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். டிவி பார்க்கும்போது ரிமோட். பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பி. கோயிலில் கும்பிட்டால் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் சாமி கும்பிட எப்போதும் சௌகரியம், கொஞ்ச நாளாக அவள் அதிக நேரம் கும்பிடுகிறாள் என்று ஈஸ்வரமூர்த்திக்குச் சந்தோஷம்கூட. எப்போதிலிருந்து இப்படி எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மனசுக்குத் தெரியாமல் கை தானாகக் கற்றுக்கொண்டது. அப்பாவின் கையும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கும்.

அப்பா. வேண்டாம் என்று தள்ளித் தள்ளி வைத்தாலும் கடைசியில் அவர்தான் வந்து நிற்பார் என்று தெரியும். அரசு பஸ் டிரைவர், பழனி ரூட், காக்கிச் சட்டையில் டீசல் வாசனை, வெற்றிலை வாசனை. வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியர்க் கம்பியின் குமிழில். கியர் மாற்ற வேண்டியது இல்லாத நேர்ரோட்டில்கூட அந்தக் கை குமிழைவிட்டு நகராது. கண்டக்டர் மாமா கேலி செய்வார், என்னுங் டிரைவரே, கியரைக் கழட்டிக்கிட்டுப் போயிருவானுகன்னு பயமுங்களா என்று. அவளைப் பெண்கள் சீட்டில் முதலில் உட்கார வைத்துக் கூட்டிப்போவார், அவள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு போவாள், பெரிய கை, புறங்கையில் நரம்பு, எவ்வளவு கெட்டியான கை. வண்டியை விட்டு இறங்கியதும் டீ டம்ளர். டம்ளர் போனதும் சுருட்டிய பேப்பர். பேப்பர் போனதும் சாவிக்கொத்து. வீட்டில் யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை, சும்மா இருக்கமாட்டார், சுறுசுறுப்பான மனுஷன் என்று அம்மாவுக்குப் பெருமை. ரிட்டயர் ஆன அன்றைக்கு டிப்போவில் மாலை போட்டு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் நாற்காலியில் வெறும் கையோடு உட்கார்ந்தார். அந்தக் கை ஆடிற்று. கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின்மேல் விபூதியைத் தேய்ப்பதுபோல, தேய்த்துக்கொண்டே, நிற்காமல். வந்த சொந்தக்காரர்கள் பெரியவருக்குப் பக்தி வந்துவிட்டது என்றார்கள். டாக்டர்தான் கேட்டார், எத்தனை வருஷமா இருக்குதுங்க என்று, அம்மா இப்பத்தானுங்க என்று சொல்ல வாயைத் திறந்தபோது, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச வருஷமா இருக்குதுங்க என்றார். பிடித்துக்கொண்டிருக்கும்போது ஆடாதுங்க, விட்டாத்தான் ஆடும். நடுக்குவாதம், முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரை கொடுத்து இன்னும் நல்லா வைத்திருக்கலாமே என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. அத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குச் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே என்று கேட்கக்கூட இல்லை, சமைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். வாணிக்கு அப்போது அப்பாமேல் வந்த கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. ஏன் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை அவர் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள், வேறென்ன. வண்டியை வாங்கிவிட்டால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. அதற்காக எத்தனை பேரை உட்கார வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் போயிருக்கிறார், என்னையும்தான்.

"அம்மிணி, கொக்கிக்கு மாத்திப்போடுங், மான் செவுத்து மேல வந்துருச்சுங்" என்று மயில்சாமி அடித்தொண்டையில் சொன்னார். அவள் திடுக்கிட்டுப் போனாள். கிண்ணத்திலிருந்து வில்லை எடுத்தாள். பக்கவாட்டில் தோள் உயரத்தில் கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது, மங்கல் பெயின்டின் வாசம் இன்னும் போகவில்லை, புளியம்பட்டையின் நிறத்துக்கே கொண்டுவந்துவிட்டாள் அந்தப் பெண், ராத்திரி வெகுநேரம் இருந்திருப்பாள். வில்லை மாட்டினாள். சத்தமே இல்லை. நிஜமாகவே சத்தமே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள், வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்வார்களாம் அப்படி, கையுறை போட்டுக்கொண்டு, குளிருக்கு. அவள் மயிலைப் பார்த்தாள். மடியைப் பார்க்கக்கூடாது. மயில் சுவரிலிருந்து குதித்தது, முதல் கம்பைக் கொத்தியது, தொட்டிவரைக்கும் வந்தது, இப்போது பெயின்ட் மங்கல்தானே, மின்னவில்லையே, வா, வா சாமி, இன்னும் கொஞ்சம் வா, உனக்குப் புண்ணியமாகப் போகும். தொட்டிக்குப் பக்கத்தில் மயில் நின்றது. கழுத்தை நீட்டியது. தலையை ஒருபக்கம் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தது. அது எங்கே பார்க்கிறதோ அங்கே அவளும் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. மடியில் இடது கை மல்லாந்து கிடந்தது. கட்டைவிரல் ஆள்காட்டிவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் தேய்க்கவில்லை. அதுவாகத் தேய்த்தது, நிதானமாக, அவசரமில்லாமல், அப்பாவின் கை மாதிரி இல்லை, அப்பாவின் கையே அதுதான், அவருடைய கட்டைவிரல், அவருடைய நகம். மயில் திரும்பித் தொட்டியின் பின்பக்கம் போயிற்று.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவளுக்குள் வேலையில் கெட்டியான ஒருத்தி இருந்தாள், பயப்படுகிறவள் இல்லை அவள், எதையும் பாதியில் விடமாட்டாள். அவள் இடது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் குளிருக்கு உட்காருவதைப் போல. வேறொன்றையும் மாற்றவில்லை, அதே கொக்கி, அதே வில், அதே மரம். காத்திருந்தாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, துடைத்தால் அசைவு. தொட்டியின் பின்னாலிருந்து முதலில் கொண்டை தெரிந்தது, பிறகு கழுத்து. மயில் நடந்து வந்தது, கொத்திக்கொண்டே, தொட்டியைத் தாண்டி, ஏணியைத் தாண்டி, நேராக மரத்தடிக்கு. மேலே ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் கையை உருவி எடுத்து அதே வேகத்தில் வில்லின் பிடியைப் பற்றினாள், பற்றியதும் கை கல்லாக நின்றுவிட்டது, கொக்கியிலிருந்து வில் பால் ஆடை எடுப்பதுபோல வந்தது, நாணை இழுத்தாள், தாடையில் சேர்த்தாள், கீழே அந்த நீலக் கழுத்து அசங்காமல் கண்ணுக்கு நேராக நின்றது. இருபது வயதில் இருந்த கை இது. இதைவிடக் கெட்டியாக ஒரு கை இருக்க முடியாது. சந்தோஷமும் துக்கமும் ஒரே நேரத்தில் வரும் என்று அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. நாணை மெதுவாக விட்டாள். வில்லைத் திரும்ப மாட்டினாள். மயில் தின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கொக்கியை அவள் பார்த்ததில்லை.

ஆபீஸ் ஜன்னலில் கௌசல்யா குதிப்பது தெரிந்தது. நிஜமாகவே குதித்தாள். அப்போதுதான் வாணிக்கு உறைத்தது, அந்தப் பெண் என்ன நினைத்துக் குதிக்கிறாள் என்று. பெயின்ட். பெயின்ட் அடித்தாள், மயில் வந்தது. எவ்வளவு நல்ல காரணம். யாரும் செய்து வைக்காமல் தானாகவே அமைந்திருக்கிற காரணம், தலையை ஒருதடவை ஆட்டினால் போதும், பொய்கூடச் சொல்லவேண்டாம். கொக்கி முதலில் வந்துவிடும், கௌசல்யாவுக்கு நல்லது, கம்பெனிக்கு நல்லது, கடலுக்கு அந்தப் பக்கம் மரத்தில் குந்தியிருக்கிறவனுக்கும் நல்லது. யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. நாளையிலிருந்து கையுறை போட்டுக்கொள்ளலாம், கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொள்ளலாம், தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம், இன்னும் எத்தனையோ வழி இருக்கிறது, அப்பா எத்தனை வழி கண்டுபிடித்தார். இந்த மரத்தைவிட்டு இறங்கச் சொன்னால் நான் எங்கே போவேன், குவாலிட்டி என்று யாரிடம் சொல்வேன். ஆனால் அடுத்த சாமான் வரும். அதற்கடுத்தது வரும். இரண்டு நாளாக நல்ல கொக்கியைக் கெட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாய், மனசாரத்தான் சொன்னாய், அதுதான் பயம். தேய்ந்த எடைக்கல்லுக்குத் தான் தேய்ந்தது தெரியுமா. பிடித்துக்கொள்ள எது கொடுத்தாலும் அதுதான் நல்லது என்று சொல்லும் இந்தக் கை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாரே, கொஞ்ச வருஷமா இருக்குதுங்க என்று, அந்தக் குரல் காதில் கேட்டது. அவர் சொன்னபோது சொல்வதற்கு ஆள் இருந்தது, காலம்தான் இல்லை. காலை ஷிப்டுக்கு மணி அடித்தது. அவள் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கயிற்றில் மாற்றிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். ஏணியைப் பிடித்திருக்கிறவரைக்கும் கை அடக்கமாக இருந்தது, என்ன நல்ல பிள்ளை பார்.

மரத்தடியில் கௌசல்யா மூச்சிரைக்க வந்து நின்றாள், கையில் டீ டம்ளர், வழியில் பாதி சிந்தியிருந்தது. "அக்கா! பாத்தேனுங்க்கா! பெயின்ட்தானுங்களாக்கா? பெயின்ட்தானே?" டம்ளரை நீட்டினாள். வாணியின் இடது கை பாதிவரைக்கும் போயிற்று. இறங்கியதும் டம்ளர், அதுதானே வழக்கம். அவள் கையைத் திரும்ப இழுத்து, பக்கத்தில் தொங்கவிட்டாள். தொங்கவிட்டு, அதை அதன்போக்கில் விட்டாள்.

"பெயின்ட் இல்ல கண்ணு. இங்க பாரு."

கௌசல்யா பார்த்தாள். புரியவில்லை. மயில்சாமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"இது ஆடுதில்ல, இதைப் பாத்துத்தான் மயிலு ஓடுச்சு. மொத நாளும், நேத்தும். எதையாச்சும் புடிச்சிட்டிருந்தா ஆடாது. உங்கொக்கியில வில்ல மாட்டுனா எனக்குப் புடிக்க ஒண்ணுமில்ல, அதான் ஆடுச்சு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

"அப்ப," என்றாள் கௌசல்யா, அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது, அடக்க முடியாத சந்தோஷம், "அப்ப கொக்கி மொத நாள்ல இருந்தே நல்லாத்தான் இருந்துச்சுங்களாக்கா?" கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு மிச்சமும் புரிந்தது. டம்ளர் இல்லாத கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

வாணிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சந்தோஷம் சுத்தமாக இருந்தது, இந்தக் காலையில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான். "நல்லா இருந்துச்சு" என்றாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு. மொதலாளிகிட்ட நானே சொல்றேன்."

"உக்காருங் அம்மிணி" என்று மயில்சாமி தன்னுடைய ஸ்டூலைத் துண்டால் தட்டிப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். போனை எடுத்து ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டாள்; எடுத்ததும், காதில் வைத்துப் பிடித்துக்கொள்ளாமல், ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் கிடந்த கல்லின்மேல் வைத்தாள்.

"என்ன புள்ள, மரத்துல இருந்தா பேசறே?" என்றது அவர் குரல்.

"எறங்கிட்டேனுங். ஏனுங், இன்னைக்கு லீவு சொல்லிப்போட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணும். என் கை ஆடுதுங்க."

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"இடது கை. அப்பாவுக்கு வந்த அதே கை." சொல்லிக்கொண்டே அவள் அதைப் பார்த்தாள். மடியில் மல்லாந்து, கட்டைவிரல் ஆள்காட்டிவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பிடித்துக்கொள்ளப் பக்கத்திலேயே வில் இருந்தது, கயிறு இருந்தது, கௌசல்யா கல்லில் வைத்துவிட்டுப் போன டம்ளர் இருந்தது. அவள் எதையும் எடுக்கவில்லை.

"வரேன். அங்கயே இரு" என்றார் ஈஸ்வரமூர்த்தி.